இன்முக ஒப்படைப்புத் திட்டம்

மனிதர்கள் பல விதமாகச் சாகிறார்கள் என்று ஒரு தவறான கருத்து மக்களிடையே நிலவுகிறது. விழுந்து செத்தார், மூழ்கிச் செத்தார், கண்டதைத் தின்று செத்தார் என்றெல்லாம் பேசிக்கொள்கிறோம். பொது மருத்துவமனையின் பிணவறை டாக்டரைக் கேட்டால் அத்தனையும் வெட்டிப் பேச்சு என்பார். அவர் அறிந்தவரை மனிதர்கள் சாவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. இதயம் நின்றுவிடுகிறது. சான்றிதழிலும் அதைத்தான் எழுதுவார்: "இதயச் செயல்பாடு நின்றதன் விளைவாக மரணம் சம்பவித்துள்ளது."

இதில் குற்றம் கண்டுபிடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. இதயம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போன ஆள் ஒருவரை யாராவது கொண்டுவந்து காட்டட்டும், பார்க்கலாம். போலீஸ் கேள்வி கேட்டதில்லை. நீதிமன்றம் கூப்பிட்டதில்லை. செத்தவர்களும் ஆட்சேபம் தெரிவித்ததில்லை. ஊழியர்கள் மட்டும் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'மாரடைப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாரடைப்பு வந்துடுச்சா?" என்று காலையில் யாராவது கேட்க, "இப்பதான் வந்துச்சு, டீ குடிக்குது" என்று இன்னொருவர் பதில் சொல்ல, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அரண்டுபோவார்கள். டாக்டருக்கும் இது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷ உழைப்புக்குத் துறை அவருக்குக் கொடுத்த ஒரே பட்டம் அதுதான்.

எப்போதும் இப்படி இருந்தாரா என்றால், இல்லை. கல்லூரியில் தடய மருத்துவத்தில் தங்கப்பதக்கம் வாங்கியவர். சடலத்தின் நிறத்தைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார் என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் புகழ்ந்திருக்கிறார். அந்தப் பதக்கம் இப்போதும் வீட்டில் பயன்பாட்டில்தான் இருக்கிறது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளாமலிருக்க இடுக்கில் செருகி வைத்திருக்கிறார்.

இந்த நிலையில்தான் துறைக்குப் புதிய இயக்குநர் வந்தார். வாடிக்கையாளர் சேவை பற்றி எங்கோ போய்ப் பயிற்சி பெற்றுவிட்டு, சூட்டோடு சூடாக வந்தவர். வந்த கையோடு "இறந்தவரும் நம் வாடிக்கையாளரே" என்று வாசலில் பலகை மாட்டினார். பிணவறையை விட்டு வெளியே போகும் வழியில் ஒரு பெட்டியையும் வைத்தார். அதில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். சேவை எப்படி என்று உறவினர்கள் அழுத்திவிட்டுப் போகவேண்டும்.

முடிவுகளைப் பார்த்த இயக்குநர் ஆடிப்போனார். கூட்டம் போட்டார்.

"நம்ம இடத்தை விட்டுப் போறவங்கள்ல அநேகமா எல்லாரும் அழுதுக்கிட்டே போறாங்க. இது நம்ம சேவையில இருக்கற மிகப் பெரிய குறைபாடு. ஏன் அழறாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா?"

டாக்டருக்குக் காரணம் தெரியும்போலத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவருக்கே அந்த வேலை வந்து சேரும் என்பதால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம்!" என்றார் இயக்குநர். "நாம ஒப்படைக்கிற முகம் வெளிறிப்போயி, களையே இல்லாம இருக்கு. அதப் பாத்தா யாருக்குத்தான் அழுகை வராது?"

இப்படியாகப் பிறந்ததுதான் இன்முக ஒப்படைப்புத் திட்டம். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த ஓர் அம்மாளைப் பிணவறைக்கு ஒப்பனையாளராக நியமித்தார்கள். அந்தம்மாள் வந்த முதல் நாளே இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். "கல்யாணப் பொண்ணுங்க கண்ணாடியப் பாத்து நூறு நொட்டை சொல்லுவாங்க டாக்டர். இங்க பாருங்க, எவ்வளவு மரியாதை! ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல" என்பாள். கைவசம் இருந்ததெல்லாம் கல்யாணச் சாமான்கள்தான். எனவே வந்தவர்களுக்கெல்லாம் கன்னத்தில் ரோஸ், உதட்டில் சிவப்பு. கொஞ்ச நாளில் பிணவறையில் உயிரோடிருப்பவர்கள்தான் வெளிறித் தெரிந்தார்கள்.

ஒப்பனை முதலிலா, பரிசோதனை முதலிலா என்று ஒரு நுட்பமான கேள்வி எழுந்தது. டாக்டர் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனார்.

"சார், நான் பரிசோதனைய முடிச்சப்புறம் ஒப்பனை பண்ணட்டுமே?"

"நீங்க அறுத்துத் தெச்சப்புறமா? துணிய மடிச்சு அலமாரியில வெச்சப்புறம்தான் உங்க வீட்டுல இஸ்திரி போடுவாங்களா?"

இயக்குநரின் உதாரணங்களே இப்படித்தான். எங்கேயோ தப்பு இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

"ஆனா ஒப்பனைக்கு மேல அறுத்தா கலைஞ்சுடுமே சார்."

"அதுக்குத்தான் அறுக்கவே வேண்டாங்கறேன். சந்தேகம் இருந்தா மட்டும் எழுதிக் கேளுங்க, குழு கூடி முடிவு சொல்லும். மத்தபடி கண்ணால பாருங்க, போதும். உங்க அனுபவத்துக்கு அறுத்துப் பாக்கணுமா என்ன?"

சும்மா சொல்லக் கூடாது, டாக்டருக்கு உள்ளூர ஒரே குஷி. குனிந்து நின்று நின்று முதுகு போயிருந்தது. அதோடு, அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் எழுதப்போவது இதயம்தான். அறிவியலுக்கு விரோதமாயிற்றே என்று மனசாட்சி லேசாக முனகியது. அனுபவம் என்று மேலிடமே சொல்லிவிட்டதால் அதுவும் அடங்கிவிட்டது.

இத்தனை சௌகரியத்திலும் டாக்டருக்கு ஒரே ஒரு குறை. தலைவலி. காலையில் குளித்துவிட்டு வந்தால் மண்டையைப் பிளக்கும். பிணவறைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் முகம் கைகால் கழுவினால் மறுபடியும் ஆரம்பிக்கும். இதில் விசேஷம் என்னவென்றால் அவர் மனைவிக்கும் தலைவலி. "நீங்க ஆபீசுக்குக் கெளம்பினதும் எனக்கு விட்டுடுது" என்பாள் அவள். "வீட்டை விட்டு எறங்கினதும் எனக்கும்தான்" என்பார் இவர். தலைவலிக்குக் காரணம் எதிரில் நிற்கும் ஆள்தான் என்று இரண்டு பேருமே பரிசோதனை எதுவும் செய்யாமல் முடிவுக்கு வந்திருந்தார்கள். நீண்ட கால மணவாழ்க்கையில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது.

அன்றைக்கும் தலைவலியோடுதான் வந்தார். தையல்காரர் ஒருவரின் சடலம் காத்திருந்தது. விடியற்காலையில் குளிக்கப் போனவர், கதவைத் தட்டினால் பதிலில்லை, உடைத்துத் திறந்தால் சுவரில் சாய்ந்தபடி செத்திருந்தார் என்று போலீஸ் காகிதத்தில் எழுதியிருந்தது. காயமில்லை. சந்தேகமில்லை. நல்ல திடகாத்திரமான ஆள், நடு வயதுகூட ஆகவில்லை. உறவில் யாரோ வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் சடலம் மறுநாள்வரை அங்கேயே இருக்கும்.

டாக்டர் தொழில்முறைப்படி ஒரு பார்வை பார்த்தார். அசந்துபோனார். கன்னம் செக்கச்செவேலென்று இருந்தது. உதடு அதைவிட அழகு. நகக்கண்கூட இளஞ்சிவப்பு. "அடேயப்பா, நகத்துக்கெல்லாம் போட ஆரம்பிச்சுட்டாங்களா!" என்று மனதுக்குள் பாராட்டினார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்தார். கைபேசியை எடுத்துப் பல கோணங்களில் படம் பிடித்தார்.

"இதுதான்யா நான் கேட்ட முகம்! தூங்கற மாதிரியே இருக்காரு. இத இப்பவே தலைமையகத்துக்கு அனுப்பறேன்."

இயக்குநர் போனதும் டாக்டர் சான்றிதழில் இதயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே பெஞ்சில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் எட்டு வயதுப் பெண் தலை சாய்த்துப் படுத்திருந்தது. டாக்டரைப் பார்த்ததும் அவள் எழுந்தாள்.

"என்னாச்சு டாக்டர் அவருக்கு?"

"இதயம் நின்னுடுச்சும்மா."

"அது எல்லாருக்கும்தானே நிக்கும்? இவருக்கு ஏன் நின்னுச்சு?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "சில சமயம் அப்படித்தாம்மா, சொல்லாம கொள்ளாம..." என்று இழுத்தார்.

"ஒரு ஜலதோஷம்கூட வராது டாக்டர் அவருக்கு. குளிக்கப் போனவரு, பாட்டு பாடிக்கிட்டேதான் போனாரு. பாட்டு நின்னுச்சு. சோப்பு போடறாருன்னு நெனச்சேன்." அவள் குழந்தையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "கொழந்தை வேற ராத்திரியிலேருந்து தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்குங்குது. எனக்கும் தலை கிர்ருங்குது."

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. உயிரோடிருப்பவர்களுக்கு வைத்தியம் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த உற்சாகம் வேறு.

"அழுது அழுது வந்த தலைவலிம்மா அது. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நல்லா சூடா வெந்நீர்ல குளிங்க. கொழந்தையையும் குளிக்கச் சொல்லுங்க. ஜன்னலெல்லாம் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் படுங்க. சரியாயிடும்."

அவள் கும்பிட்டாள். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். போகிற வழியில் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

டாக்டர் மனநிறைவோடு அறைக்குத் திரும்பினால், ஒப்பனைக்காரம்மாள் அப்போதுதான் கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்மா! இன்னிக்குத்தான் உங்க கையோட அருமை தெரிஞ்சுது. அந்தத் தையல்காரர் முகம் அப்படியே ஜொலிக்குது."

"எந்தத் தையல்காரர்?"

"அதோ, அந்த மேஜையில."

"என்ன டாக்டர் காலங்காத்தால கிண்டலா? நான் இப்பதான் வரேன். பஸ் கெடைக்கல. இன்னும் பெட்டியவே தொறக்கல."

"அப்ப அவருக்கு ரோஸ் போட்டது யாரு?"

"யாரும் போடல."

டாக்டர் ஒரு பஞ்சை நனைத்துத் தையல்காரரின் கன்னத்தைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளை வெளேரென்றே இருந்தது. உடம்பைத் திருப்பி முதுகைப் பார்த்தார். செத்தவர் உடம்பில் ரத்தம் அடியில் இறங்கித் தேங்குகிற இடம் கருநீலமாக இருக்கவேண்டும். இங்கே செக்கச்சிவப்பாக இருந்தது.

வீட்டு அலமாரி இடுக்கில் கிடந்த தங்கப்பதக்கம் அவர் மண்டையில் ணங்கென்று விழுந்தது. எரிவாயு சரியாக எரியாமல் போனால் வருகிற நஞ்சு. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உயிரைக் குடித்துவிட்டு ரத்தத்தை மட்டும் செக்கச்சிவப்பாக ஆக்கிவிட்டுப் போகும். பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவர், இன்றைக்கு அதற்கு ஒப்பனைக்காரியைப் பாராட்டிவிட்டு வந்து நிற்கிறார்.

குளியலறை. வெந்நீர். தலைவலி. வாந்தி. ஜன்னலைச் சாத்திவிட்டு...

"ஐயோ!" என்றார் டாக்டர். "நானே அனுப்பி வெச்சேனே!"

போலீஸ் காகிதத்திலிருந்த எண்ணைக் கைபேசியில் அழைத்தார். மணி அடித்தது. அவர் காதிலும் அடித்தது, பின்னாலிருந்த அலமாரியிலும் அடித்தது. தையல்காரரின் உடைமைகளை முடிந்து வைத்திருந்த பைக்குள் அவருடைய கைபேசி சமர்த்தாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் அந்த வீட்டைப் பார்த்து ஓடியிருப்பார்கள். டாக்டரும் ஓடத்தான் ஓடினார். ஆனால் ஆபத்து என்றதும் அரசாங்கக் கால் தானாகப் போகிற இடம் ஒன்று உண்டு. மூச்சிரைக்க அவர் போய் நின்றது இயக்குநரின் மேஜைக்கு முன்னால்.

"சார், அந்தத் தையல்காரர் விஷவாயுல செத்திருக்காரு. அது ஒப்பனை இல்ல சார், சாவோட நெறம்!"

இயக்குநர் நிதானமாகத் தலை நிமிர்ந்தார். "ஒப்பனையே போடாமலா இவ்வளவு அழகு? அப்ப செலவு மிச்சம்னு சொல்லுங்க."

"சார், சான்றிதழ மாத்தணும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பணும். அதவிட முக்கியம், அவரோட சம்சாரமும் கொழந்தையும் இப்ப அதே வீட்டுக்குக் குளிக்கப் போயிருக்காங்க!"

"பதட்டப்படாம ஒவ்வொண்ணா வாங்க. அந்தப் படம் தலைமையகத்துல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. திட்டத்தோட சுவரொட்டியில போடப்போறாங்க. இப்பப் போயி அது விஷம்னு சொன்னா, நாளைக்கு நம்ம திட்டத்தைப் பத்தி ஜனங்க என்ன நெனைப்பாங்க?"

"அவங்க செத்துப்போயிடுவாங்க சார்!"

"செத்தாங்களா?"

"இன்னும் இல்ல..."

"அப்ப அது நம்ம துறையே இல்லையே. நம்ம அதிகார வரம்பு மரணத்துக்கு அப்புறம்தான் தொடங்குது. அதுக்கு முன்னாடி உள்ளவங்க சுகாதாரத் துறை. நாம தலையிட்டா அவங்க வருத்தப்படுவாங்க." இயக்குநர் கனிவோடு சேர்த்துக்கொண்டார்: "எப்படியும் அவங்க நம்மகிட்ட வருவாங்க இல்ல, அப்பப் பாத்துக்கலாம்."

டாக்டர் இயக்குநரை வெறித்துப் பார்த்தார். கோபம் வந்தது. ஆனால் கோபப்படும் உரிமை தனக்கு இல்லை என்பதும் கூடவே உறைத்தது. நானும் இத்தனை நாள் இதைத்தானே செய்தேன்? இவர் வாயால் சொல்கிறார், நான் பேனாவால் எழுதினேன். அவ்வளவுதானே வித்தியாசம்?

"சார், எனக்குத் தலைவலி. அரைநாள் லீவு வேணும்."

"தலைவலிக்கு டாக்டர் சான்றிதழ் வேணுமே?"

"நானே டாக்டர்தானே சார்?"

"நீங்க செத்தவங்களுக்குத்தான் சான்றிதழ் குடுக்கலாம்."

அதற்கு மேல் டாக்டர் அங்கே நிற்கவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அனுமதி இல்லாமல் படியிறங்கினார். போலீஸ் காகிதத்திலிருந்த முகவரிக்கு வழிநெடுக ஸ்கூட்டரை விரட்டினார். சிவப்பு விளக்குகளைத் தாண்டினார். குறுக்கே வந்தவர்களிடம் திட்டு வாங்கினார். "சாகறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "சாகக் கூடாதுன்னுதாங்க போறேன்" என்று கத்திக்கொண்டே போனார்.

கடைகளுக்கு மேலே மாடியில், ஒரே அறையும் அதையொட்டிக் குளியலறையுமாக இருந்தது வீடு. தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை ஒன்று ஊசியடியில் அப்படியே நின்றிருந்தது. தையல்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. டாக்டர் சொன்னால் அப்படியே கேட்கிற நல்ல மனுஷி.

"கொழந்தை எங்கம்மா?"

"குளிக்குது டாக்டர். என்ன, நீங்க இங்க..."

"பேசறாளா? பாடறாளா?"

"இவ்வளவு நேரம் பாடிக்கிட்டுதான் இருந்தா. இப்பதான் நின்னுச்சு. சோப்பு..." சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே கேட்டுவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

காலையில் உடைத்த தாழ்ப்பாளுக்குப் பதிலாக அக்கம்பக்கத்தார் ஒரு கொக்கி போட்டுக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் தோளைக் கொடுத்துக் கதவில் மோதினார். கதவு அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மறுபடியும் மோதினார். தோள்தான் கழன்றுவிடும்போல் இருந்தது. "தள்ளுங்க!" என்று அவரை ஒதுக்கிவிட்டு அந்தப் பெண் ஓங்கி ஓர் உதை விட்டாள். கொக்கி பறந்தது.

உள்ளே ஒரே ஆவி. வெந்நீருக்கான கேஸ் கீசர் உர்ரென்று எரிந்துகொண்டிருந்தது. குழந்தை சுவரில் சாய்ந்து, அப்பா சாய்ந்திருந்த அதே சுவரில் சாய்ந்து, கண் சொருகி உட்கார்ந்திருந்தது. மேலே சின்ன ஜன்னல். அதன் இடுக்குகளில் எல்லாம் வண்ண வண்ணத் துணித் துண்டுகளைத் திணித்து அடைத்திருந்தார்கள். மகளுக்குக் குளிர்காற்று படக் கூடாதென்று தையல்காரர் வெட்டி மிச்சமான துணிகளை அவ்வளவு நேர்த்தியாக மடித்துச் செருகியிருந்தார்.

டாக்டர் கீசரை அணைத்தார். குழந்தையைத் துண்டோடு வாரிக்கொண்டு வெளியே மாடிப்படிக்கு ஓடினார். திறந்தவெளியில் படுக்கவைத்து மணிக்கட்டைப் பிடித்தார். விரலுக்கடியில் ஏதோ துடித்தது. டாக்டர் பதறிக் கையை எடுத்துவிட்டார். அவருக்குப் பழக்கமில்லாத விஷயம் அது. பிறகு மறுபடியும் பிடித்தார். துடித்தது. நிற்காமல் துடித்தது. அதைவிட அழகான ஒன்றை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

குழந்தை இருமியது. டாக்டரின் சட்டை முழுக்க வாந்தி எடுத்தது. கண்ணைத் திறந்து, "யாரும்மா இவரு? ஏன் அழறாரு?" என்றது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பிராணவாயு கொடுத்து, பயமில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்ன பிறகுதான் தையல்காரரின் மனைவி இவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே குளிக்கச் சொன்னீங்க?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் முகத்துலயே எழுதியிருந்துச்சு. நான் படிக்கல. ஒப்பனைன்னு நெனச்சுட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அவருக்கு ஏன் நின்னுச்சுன்னு கேட்டேன் இல்ல? எழுதிக் குடுங்க" என்றாள். "சரியா எழுதிக் குடுங்க."

சாயங்காலம் அலுவலகம் திரும்பிய டாக்டர், வாந்திச் சட்டையோடு இயக்குநர் முன்னால் போய் நின்றார். சரியாகத்தான் எழுதுவேன், முடியாதென்றால் நேரே நீதிமன்றம் போவேன் என்றார். தன் குரலா அது என்று அவருக்கே சந்தேகம். இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தார். சட்டையின் வாசனையும் சேர்ந்து வாதாடியது. கடைசியில், நச்சுவாயுவால் "இதயம் நின்றது" என்று எழுதிக்கொள்ள இசைந்தார். பழைய சொற்றொடரைக் கைவிட்டால் இதுவரை கொடுத்த சான்றிதழ்களுக்கு அவமரியாதை ஆகுமாம்.

சுற்றறிக்கை விடுவதில் மட்டும் இயக்குநர் புலி. டாக்டர் கிளம்புவதற்குள் அச்சாகி வந்துவிட்டது: "அண்மையில் ஒப்பனையின் நிறமும் மரணத்தின் நிறமும் ஒன்றாக அமைந்தமையால் தேவையற்ற குழப்பம் நேரிட்டது. இனி இவ்வாறு நேராவண்ணம், சடலங்களில் காணப்படும் சிவப்பு நிறம் முழுவதையும் வெண்பொடியால் மறைத்த பின்னரே மருத்துவரின் பார்வைக்கு வைக்கவேண்டும்." படித்து அறிந்ததற்கு அடையாளமாக எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் போடவில்லை. ஒப்பனைக்காரம்மாளிடம் போய், "நாளையிலேருந்து நான் பாத்து முடிச்சப்புறம்தான் நீங்க பெட்டியத் தொறக்கணும்" என்றார். "பஸ் தெனம் லேட்டாதான் வருது டாக்டர், கவலைய விடுங்க" என்றாள் அவள்.

டாக்டர் வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சட்டையைப் பார்த்துப் பதறிய மனைவியை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னார். நிறத்தைக் கண்டுபிடித்த இடத்தில் கொஞ்சம் நாடகமாடினார். கதவை உடைத்த இடத்தில் உதைத்தது யார் என்பதை மட்டும் தெளிவில்லாமல் விட்டார். மனைவி நெற்றியைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் எழுந்து போய்க் குளியலறை வாசலில் நின்றாள்.

"இங்க வாங்க."

போனார்.

"இது என்ன?"

"கீசர்."

"என்ன கீசர்?"

"கேஸ்..." என்றார் டாக்டர்.

"அந்த ஜன்னல்ல அட்டைய வெச்சு ஆணி அடிச்சது யாரு?"

"கொசு வருதுன்னு நீதானே..."

"கொசு வருதுன்னு சொன்னேன். ஆணி அடிச்சது யாரு? நமக்கு எப்பலேருந்து தலைவலி?"

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். போடாமலே விடை தெரிந்தது. தையல்காரர் வீட்டு ஜன்னலைப் பார்த்துச் 'சே, என்ன மனுஷன், இப்படியா அடைப்பான்' என்று காலையில் அவர் மனதுக்குள் நினைத்திருந்தார். அந்த மனுஷனாவது துணியை மடித்துச் செருகினார். இவர் ஆணியே அடித்திருக்கிறார், அதுவும் சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டு, அவ்வளவு சிரத்தையாக.

"நான் உன்னாலதான்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"நானும் உங்களாலதான்னுதான் நெனச்சேன். என் கணக்கு தப்பல." அவள் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஊர்ல செத்தவங்க மூஞ்சியெல்லாம் பாத்துக் காரணம் சொல்றீங்க. இந்த மூஞ்சிய எப்பங்க பாத்தீங்க?"

உயிரோடிருப்பவர்கள் வேறு துறை என்று ஒரு பதில் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளையாக விழுங்கிவிட்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெளிறிப்போய், கண்ணடியில் கருவளையத்தோடு, களைத்துப்போயிருந்தாள். அவளுக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா? எப்போதிலிருந்து?

அலமாரி இடுக்கிலிருந்து தங்கப்பதக்கத்தை உருவினார். அதன் விளிம்பைக் கொடுத்து ஆணிகளை நெம்பினார். அட்டை விழுந்தது. காற்று வந்தது. காற்றோடு கொசுவும் வந்து, இரண்டு பேரையும் வஞ்சனையில்லாமல் கடித்தது. டாக்டர் அடிக்கவில்லை. கொசு பிணத்தைக் கடிக்காது என்பது தொழில்முறையில் அவருக்கு நன்றாகத் தெரியும்.